பழகிய சரக்கு, பழகாத நாடு: எதை எங்கே வாங்குவது?

வேற்று நாட்டில் குடியேறிய ஒருவருக்குப் பழகிய சமையல் பொருள்கள் கைக்கு வர ஐந்து வழிகள் இருக்கின்றன. பக்கத்துப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பிற நாட்டு உணவுகளுக்கென்று ஒதுக்கிய அலமாரி, தம் நாட்டுக்காரர் நடத்தும் சிறப்புக் கடை, இணையக் கடை, ஊருக்குப் போய்த் திரும்பும்போது நிரம்பும் பெட்டியும் அங்கிருந்து வரும் பார்சலும், கடைசியாக, அந்தப் பொருளை விட்டுவிட்டு உள்ளூர்ச் சரக்கை வைத்துச் சமாளிப்பது. பெரும்பாலோர் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் அதன் வழியாகவே வாங்கப் பார்க்கிறார்கள். சிலர் ஓர் ஆண்டுக்கான சரக்கைப் பெட்டியில் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, எட்டாம் மாதத்தில் வண்டு பிடித்த மாவைக் குப்பையில் கொட்டுகிறார்கள். வேறு சிலருக்கு உப்பும் சர்க்கரையும்கூடச் சிறப்புக் கடையிலிருந்துதான் வரவேண்டும்.

என் கட்சி வேறு. கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பட்டியலைப் பிரிக்க வேண்டும். இந்தப் பொருள் எவ்வளவு நாள் தாங்கும்? இதற்கு மாற்று உண்டா? இது எல்லையைத் தாண்ட அனுமதி உண்டா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டால், எந்தப் பொருள் எந்த வழியாக வரவேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

பெட்டியும் பார்சலும்

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். அதன்மேல்தான் மூடநம்பிக்கை அதிகம். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, ஆகவே பெட்டியில் வருவதெல்லாம் இலவசம் என்ற கணக்கு பலர் மனத்தில் ஓடுகிறது. சாதாரண வகுப்பில் பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு அனுமதிக்கும் எடை 23 கிலோ. அதில் ஐந்து கிலோ மாவை ஏற்றினால் ஐந்து கிலோ துணியோ புத்தகமோ வீட்டிலேயே தங்கிவிடும். மாவு உலகெங்கும் கிடைக்கிறது. பெட்டிக்குள் இடம் கேட்கத் தகுதியுள்ளவை எடை குறைந்த, மணம் மிகுந்த பொருள்கள்: மசாலாக் கலவை, தேயிலை, உலர்த்திய மூலிகை, ஒரு வட்டாரத்தில் மட்டுமே தயாராகும் பொடி. இவை நூறு கிராம் இருந்தால் ஒரு மாதச் சமையலுக்குச் சுவை கூட்டும். தானியம் நூறு கிராம் என்பது ஒருவருக்கு ஒருவேளைச் சாப்பாடு.

எடையைவிடப் பெரிய தொல்லை எல்லையில் காத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பாலோ, அவற்றால் செய்த பொருளோ கொண்டுவரக் கூடாது. சிறிய பொட்டலம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. குழந்தைகளுக்கான பால்மாவு, மருத்துவக் காரணத்துக்கான சிறப்பு உணவு போன்றவற்றுக்கு இரண்டு கிலோவரை விலக்கு உண்டு. அவையும் பிரிக்காத பொட்டலமாகவும், பிரிக்கும்வரை குளிர்பதனம் தேவைப்படாதவையாகவும் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற சில அண்டை நாடுகளிலிருந்து வருவோருக்கு மட்டும் இந்தக் கெடுபிடி இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தின் சந்தையிலிருந்து வெளியேறிய கையோடு, 2021 ஜனவரியில், நெதர்லாந்துத் துறைமுகத்தில் இறங்கிய ஓட்டுநர்களிடமிருந்து பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச்சுகளை அதிகாரிகள் பறிமுதல் செய்த காட்சி தொலைக்காட்சிச் செய்தியில் வந்தது. இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது தரக்கூடாதா என்று ஓர் ஓட்டுநர் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள்.

இலையும் பழமும் சைவம்தானே, அவற்றை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கும் இதே கதிதான். 2019 டிசம்பர் 14 முதல் ஒன்றியத்துக்குள் வரும் புதிய பழம், காய், இலை, விதை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. தோட்டத்தில் பறித்த ஒரு கைப்பிடி இலையை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஒளித்துவைப்பவர், தனக்கே தெரியாமல் ஒரு பூச்சியையோ பூஞ்சையையோ ஒரு கண்டத்துக்குள் கொண்டுபோய் விடக்கூடும். அதிகாரிகள் பயப்படுவது அதற்குத்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் இன்னும் கறார். அங்கே 2019 முதல், உயிரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக மீறும் பயணியின் விசாவையே ரத்து செய்ய முடியும். பெட்டி நிறைய இறைச்சி வைத்துக்கொண்டு படிவத்தில் எதையும் குறிக்காமல் வந்தவர்கள் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்த பொருளுக்கு அனுமதி இல்லையென்றால் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். ஆக, எந்த நாட்டு எல்லையாக இருந்தாலும் உணவு இருக்கிறது என்று படிவத்தில் குறித்துவிட்டு, கேட்டால் எடுத்துக் காட்ட வசதியாக அவற்றைப் பெட்டியின் மேல்பகுதியில் ஒரே பையில் வைப்பது நல்லது. கடைப் பெயரும் சேர்மானமும் அச்சிட்ட, பிரிக்காத பொட்டலம் சட்டென்று கடந்துவிடும். வீட்டில் அரைத்துப் பழைய ஜாடியில் அடைத்த பொடி, எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், கேள்விக்கு மேல் கேள்வியைக் கொண்டுவரும்.

சில தடைகள் யாரும் எதிர்பாராத இடத்தில் இருக்கும். பல நாடுகளில் சாதாரண மளிகைப் பொருளான கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் வம்பில் மாட்டிவிடும். 1992 முதல் சிங்கப்பூருக்குள் சூயிங்கம் கொண்டுவரத் தடை. 2004-க்குப் பிறகு மருத்துவப் பயனுள்ள வகைகளுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார்கள். உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டை ஐரோப்பாவில் குழந்தைகளின் செல்லம். அமெரிக்காவில் அது நுழைய முடியாது, ஏனென்றால் மிட்டாய்க்குள் உண்ணத்தகாத பொருளைப் பொதிந்து வைக்கக் கூடாது என்று 1938-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஊரிலிருந்து வரும் அத்தைக்கு இந்த விதிகள் எதுவும் தெரியாது. பட்டியலை நாம்தான் பார்த்து அனுப்ப வேண்டும்.

கைப்பையைப் பற்றி ஒன்று. 2006-இல் வந்த 100 மில்லி கட்டுப்பாட்டில் தேன், ஜாம், ஊறுகாய், பசைபோல் இருக்கும் எல்லாமே திரவக் கணக்கில்தான் சேரும். சில விமான நிலையங்கள் புதிய ஸ்கேனர்களை வைத்து இதைத் தளர்த்தியிருந்தாலும், இடையில் விமானம் மாறும் இடத்தில் பழைய விதி இருந்தால் ஜாடி போனதுதான். எனவே ஜாடிகள் பெரிய பெட்டிக்கே போகட்டும், அதுவும் ஒன்றுக்கு இரண்டு உறைகளுக்குள்.

பார்சலின் நிலைமை சில ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டே வருகிறது. முன்பு சிறிய மதிப்புள்ள பொட்டலத்தைச் சுங்கத்துறை கண்டுகொள்ளாது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் வெளிநாட்டு இணையக் கடைகளின் சிறிய விற்பனைக்கும் வரி வாங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1-இல் 22 யூரோ வரையிருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது; தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு மட்டும் 45 யூரோவரை சலுகை மீதமிருக்கிறது. அமெரிக்கா 800 டாலர் வரையிருந்த விலக்கை எல்லா நாடுகளுக்கும் 2025 ஆகஸ்ட் 29-இல் நிறுத்தியது. தபால் கட்டணம், வரி, வரியை வசூலிப்பதற்குத் தபால் நிறுவனம் வாங்கும் தனிக்கட்டணம் மூன்றையும் கூட்டினால், பொட்டலத்துக்குள் இருக்கும் பொருளின் விலை அதில் சிறுபங்காகிவிடும். பிறந்தநாளுக்கு வரும் பார்சலில் கணக்குப் பார்க்க வேண்டாம். மாதாந்திர மளிகைக்குப் பார்சலை நம்பினால் கணக்கு உதைக்கும்.

சிறப்புக் கடை

நாட்டுக்காரர் கடைக்குள் நுழைந்ததும் வரும் மணமே பாதிப் பணத்தைப் பறித்துவிடும். அதனால்தான் அங்கே கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். அந்தக் கடையில் ஆயிரம் வகைச் சரக்கு இருக்கும். அவற்றில் வேகமாக ஓடுபவை ஐம்பதோ நூறோதான். மீதி அலமாரியில் உட்கார்ந்து வயதாகிக்கொண்டிருக்கும். எந்தக் கடை அசலானது என்ற விவாதத்தை நான் பொருட்படுத்துவதில்லை. எந்த அலமாரி வாரந்தோறும் காலியாகிறது என்பதையே பார்க்கிறேன்.

ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். முன்புறம் பழகிய எழுத்து, பழகிய படம். திருப்பினால், அச்சிட்ட எழுத்துகளுக்கு மேலேயே சற்றுக் கோணலாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் குடியேறிய நாட்டின் மொழியில் சேர்மானங்கள், ஒவ்வாமை தரக்கூடியவை தடித்த எழுத்தில், கீழே இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும். அவலட்சணமான இந்த ஸ்டிக்கர்தான் பொட்டலத்திலேயே மதிப்புள்ள பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 எண் விதி, உணவின் லேபிள் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும், தயாரிப்பாளர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் இறக்குமதியாளர் யார் என்று போட வேண்டும் என்றும் சொல்கிறது. ஏதாவது தவறு நடந்தால் சரக்கைத் திரும்பப் பெறும் அறிவிப்பு அந்த முகவரி வழியாகத்தான் கடைக்கு வந்து சேரும். 2020 செப்டம்பரில் எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இருப்பதை பெல்ஜியம் எச்சரித்தபோது, எள் சேர்ந்த ரொட்டி, பிஸ்கட், மசாலா என்று வகைவகையான பொருள்கள் ஐரோப்பாவின் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதே எள் ஒருவருடைய பெட்டியில் வந்திருந்தால் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்டிக்கர் இல்லாத பொட்டலமும் அதே மாதிரிதான். கடைக்காரர் யாரோ ஒருவருடைய பெட்டியை வாங்கி விற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டிக்கரில் தேதி மறைந்திருந்தால், அடியில் இருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். படிக்கும்போது எந்த நாட்டு வழக்கம் என்பது நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும். சீனா, ஜப்பான், கொரியாவில் ஆண்டு முன்னால். தாய்லாந்தின் உள்நாட்டு விற்பனைக்கான பொட்டலத்தில் புத்த ஆண்டு இருக்கலாம். அதில் 543-ஐக் கழித்தால்தான் நம் கணக்கு. 2568 என்று பார்த்து இன்னும் ஐந்து நூற்றாண்டு தாங்கும் என்று மகிழ வேண்டாம், அது 2025. தைவானில் 114 என்று போட்டிருந்தால் 1911-ஐக் கூட்ட வேண்டும், அதுவும் 2025-தான்.

தேதியிலும் இரண்டு வகை இருக்கிறது. இந்த நாளுக்குள் உண்ணவேண்டும் என்பது பாதுகாப்பு பற்றியது. இறைச்சி, மீன், சமைத்த உணவு போன்றவற்றில் அதைத் தாண்டக் கூடாது. இந்த நாள்வரை தரமாக இருக்கும் என்பது சுவையும் மணமும் பற்றியது. உலர்ந்த பருப்பும் பாஸ்தாவும் அந்த நாளுக்கு மறுநாள் விஷமாகிவிடாது. இந்த இரண்டாம் வகைப் பொருள் தேதி நெருங்கியதால் பாதி விலைக்கு வந்தால் நான் தயங்காமல் எடுப்பேன். ஆனால் அரைத்த மசாலாவை மட்டும் எடுக்க மாட்டேன். அரைத்த நாளிலிருந்தே அது மணத்தை இழக்கத் தொடங்கிவிடுகிறது. கப்பல், கிடங்கு, அலமாரி என்று மாதங்களைக் கடந்து வந்த பொடியில் நிறம்தான் மிஞ்சியிருக்கும். முழுதாக வாங்கி வீட்டில் அரைப்பது மலிவு, மணமும் கூடுதல்.

உறைநிலைப் பெட்டியில் வேறு பரிசோதனை. பொட்டலத்தை மெதுவாக அழுத்திப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாக உதிர்ந்து ஓடினால் சரி. எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்து, உறையின் உட்புறம் பெரிய பனிப்படிகங்கள் படர்ந்திருந்தால், வழியில் எங்கோ அது உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கழித்தல் 18 டிகிரியில் வைத்திருந்தால் அப்படி நடக்காது. பெட்டியின் மேல்விளிம்புக்கு மேல் குவித்திருக்கும் பொட்டலங்களை விட்டுவிட்டு, கையை உள்ளே விட்டு எடுப்பது என் வழக்கம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

புதிய காய்களுக்கும் இலைகளுக்கும் சிறப்புக் கடைக்கு நிகர் எதுவும் இல்லை, ஆனால் சரக்கு இறங்கும் நாள் தெரிந்திருக்க வேண்டும். பல கடைகளுக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் புதுச் சரக்கு வரும். அந்த நாளைக் கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார். அதற்கு முந்தைய நாள் போனால் வாடியதை முழு விலைக்கு வாங்கித் திரும்புவோம். பண்டிகைக்கு முந்தைய வாரம் கூட்டம் நெரியும், சரக்கும் புதிதாக இருக்கும். பண்டிகை முடிந்த வாரம் மிஞ்சியதைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். உலர்பொருள் வாங்க அது நல்ல நேரம்.

இன்னொன்றை அடித்துச் சொல்வேன்: சொந்த நாட்டுக்காரர் கடையோடு நின்றுவிடாதீர்கள். கடைகளின் பெயர்ப்பலகையில் நாடு இருக்கிறது. பயிர்களோ தட்பவெப்பத்தைப் பார்த்து வளர்கின்றன. கொத்தமல்லி இலை மெக்சிகோக்காரருக்கும் வேண்டும், வியட்நாம்காரருக்கும் வேண்டும். மரவள்ளிக் கிழங்கும் பச்சை வாழைக்காயும் ஆப்பிரிக்கக் கடையிலும் இருக்கும், லத்தீன் அமெரிக்கக் கடையிலும் இருக்கும். கடலை, எள், பருப்பு வகைகளை மேற்காசியக் கடைகளில் மூட்டையாகக் குவித்திருப்பார்கள். சொந்த நாட்டுக் கடை அந்தப் பொருளை மாதம் பத்துப் பேருக்கு விற்கும்போது, வேறொரு சமூகத்தின் கடை அதையே தினம் நூறு பேருக்கு விற்கக்கூடும். அங்கே அது புதிதாக இருக்கும், விலையும் இறங்கும். மூன்று தெரு தள்ளி இருக்கும் அந்தக் கடைக்குள் ஆண்டுக்கணக்காக எட்டிப்பார்க்காமலே நகரத்தைவிட்டுப் போனவர்கள் உண்டு. மொழி தெரியாதே என்ற கூச்சம்தான் காரணம். படத்தைக் காட்டினால் போதும், எடுத்துத் தந்துவிடுவார்கள்.

சூப்பர் மார்க்கெட்டும் இணையமும்

பெரிய சூப்பர் மார்க்கெட்டின் பன்னாட்டு அலமாரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே இருப்பவை பெரும்பாலும் உள்ளூர்க்காரர் நாக்குக்கு ஏற்பக் காரமும் புளிப்பும் குறைக்கப்பட்ட சாஸ்களும் தயார்நிலை உணவுகளும். ஆனால் மூலப்பொருள்களுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். ஒரே கடைக்குள் மசாலாப் பகுதியில் அழகிய சிறு குப்பியில் இருக்கும் சீரகமோ மிளகோ, பன்னாட்டு அலமாரியில் சாதாரண பிளாஸ்டிக் பையில் பல மடங்கு மலிவாகத் தொங்குவது உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விலைச்சீட்டின் மூலையில் ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று சிறிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது 98/6 எண் வழிகாட்டு விதி. பெரிய எழுத்தை விட்டு அந்தச் சிறிய எழுத்தைப் படிப்பவர் ஏமாறுவது கடினம்.

பழகிய பிராண்டைப் பார்த்ததும் கை தானாக நீளும். அங்கே கொஞ்சம் பொறுங்கள். உலகம் முழுவதும் ஒரே பெயரில் விற்கும் பொருள் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் இல்லை. கேட்பரி சாக்லேட்டை அமெரிக்காவில் உரிமம் பெற்றுத் தயாரிப்பது ஹெர்ஷி நிறுவனம். செய்முறையும் வேறு, சுவையும் வேறு. பிரிட்டனில் செய்த கேட்பரியை வரவழைத்து விற்றுவந்த ஓர் அமெரிக்க இறக்குமதியாளர், ஹெர்ஷி தொடுத்த வழக்குக்குப் பின் 2015-இல் அதை நிறுத்த ஒப்புக்கொண்டார். சிறுவயதுச் சுவையைத் தேடுபவர் உறையின் நிறத்தை விட்டு, எங்கே தயாரிக்கப்பட்டது என்ற வரியைப் படிக்க வேண்டும்.

இணையக் கடை கனமான, கெடாத சரக்குக்கு ஏற்றது: பத்து கிலோ மூட்டை, எண்ணெய் டின், பெரிய பருப்புப் பை. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வரவேண்டிய பாரத்தை வேறொருவர் மாடிக்குக் கொண்டுவந்து தருவார். சிறப்புக் கடையே இல்லாத சிறு நகரத்தில் இருப்பவருக்கு இது ஒன்றுதான் வழி. சிக்கல் என்னவென்றால், பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. தேதி நெருங்கியதை இணையத்தில் தள்ளிவிடும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். காலாவதித் தேதியை முன்கூட்டியே பக்கத்தில் காட்டும் கடையையும், சொந்தக் கிடங்கிலிருந்து அனுப்பும் கடையையும் நம்பலாம். பெரிய இணையச் சந்தையில் பெயர் தெரியாத மூன்றாம் விற்பனையாளரிடம் உணவு வாங்குவதை நான் தவிர்க்கிறேன். கடை எந்தச் சுங்க எல்லைக்குள் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்: ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வருவதற்குச் சுங்கச் சோதனை கிடையாது, பக்கத்து நாடே ஆனாலும் எல்லைக்கு வெளியே என்றால் மேலே சொன்ன வரிக்கதை முழுவதும் வந்துவிடும். கோடையில் சாக்லேட்டையும் உறைந்த பொருளையும் இணையத்தில் கேட்கவே வேண்டாம்.

இலவச டெலிவரிக்கான தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாததைக் கூடையில் போடுவது எல்லோருக்கும் உள்ள நோய். அதற்கு நல்ல மருந்து, அதே சரக்கு வேண்டும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஆர்டர் போடுவது. மூட்டையாக வந்ததும் பிரித்துக்கொண்டால் ஒருவர் வீட்டில் வண்டு பிடிக்கும் அளவுக்குச் சரக்கு தங்காது. மாவையும் தானியத்தையும் வந்தவுடன் காற்றுப்புகாத உறையில் இட்டு, கழித்தல் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்து எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் புழுக்களும் செத்துவிடும்.

உள்ளூர்ச் சரக்கு

ஐந்து வழிகளில் மதிப்பே கிடைக்காதது இதுதான். விட்டுக்கொடுப்பதுபோல் தோன்றுவதால் யாரும் இதை ஆராய்வதில்லை. ஆனால் வீட்டில் பயன்படும் சரக்கில் பெரும்பகுதி மாவு, பால், எண்ணெய், சர்க்கரை, முட்டை, காய்கறி. இவை எல்லா நாட்டிலும் இருக்கின்றன. அவற்றின் தரப்பிரிவு மட்டும் மாறியிருக்கிறது. அந்தப் பிரிவைப் படிக்கத் தெரிந்துவிட்டால் இறக்குமதிப் பட்டியல் பாதியாகக் குறையும்.

கோதுமை மாவையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் பையின்மேல் 405, 550, 1050 என்று எண் இருக்கும். நூறு கிராம் மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல் எத்தனை மில்லிகிராம் என்பதே அந்த எண். எண் கூடக்கூட மாவில் தவிடு கூடுகிறது. பிரான்சில் டி45, டி55, டி65 என்று அதே சாம்பல் கணக்கை வேறு அளவில் எழுதுகிறார்கள். ஜெர்மனியின் 550-ம் பிரான்சின் டி55-ம் ஏறக்குறைய ஒரே மாவு. இத்தாலியில் 00 என்றால் மிக வெண்மையானது. அமெரிக்காவில் புரத அளவை வைத்து ரொட்டிக்கு, கேக்குக்கு, பொதுப் பயனுக்கு என்று பிரிக்கிறார்கள். தானே பொங்கும் மாவு அமெரிக்காவில் உப்பு சேர்த்து வரும். பிரிட்டனில் வழக்கமாக உப்பு இராது. இது தெரியாமல் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிட்டு அந்த நாட்டு மாவே சரியில்லை என்று திட்டுபவர்கள் உண்டு.

கிரீமிலும் இதே கதை. பிரிட்டனின் கெட்டிக் கிரீமில் குறைந்தது 48 சதவீதம் கொழுப்பு, மெல்லிய கிரீமில் 18. அமெரிக்காவில் கெட்டி என்று விற்பதற்குக் குறைந்தபட்சம் 36 போதும். 48-ஐ மனத்தில் வைத்து எழுதிய செய்முறையில் 18-ஐ ஊற்றிக் கொதிக்க விட்டால் திரிந்துபோகும். பெயரைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்த்து வாங்கினால் எந்த நாட்டிலும் சரியான டப்பா கைக்கு வரும். அளவுக் கோப்பையும் அப்படித்தான்: அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஒரு சிறிய எடைத்தராசு வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி முழுவதும் தீரும். இறக்குமதிச் சரக்கு எதையும்விட நான் அதற்குத்தான் முதலில் செலவு செய்யச் சொல்வேன்.

சிலவற்றை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். உயிருள்ள நுண்ணுயிர்கள் இருப்பதாக லேபிளில் போட்டிருக்கும் எந்தத் தயிரும் உறைக்குப் போதும்; பாலைக் காய்ச்சி 40 முதல் 45 டிகிரிவரை ஆறவிட்டு, குளிர்நாட்டில் விளக்கு மட்டும் எரியும் அடுப்புப் பெட்டிக்குள் வைத்தால் காலையில் தோய்ந்திருக்கும். பாலில் புளிப்பு சேர்த்துத் திரித்தெடுக்கும் பாலடைக்கட்டியும் அதேபோல எளிது. இலைகளைச் சன்னலோரத் தொட்டியில் வளர்க்கலாம், ஆனால் விதையை உள்ளூரிலேயே வாங்குங்கள். நொதிக்க வைத்து மாதக்கணக்கில் ஊறவேண்டியவற்றையும், ஆலையில் மட்டுமே செய்யக்கூடிய சாஸ்களையும் வீட்டில் முயல்வது நேர விரயம். அவற்றைச் சிறப்புக் கடையில் வாங்கிவிடுங்கள்.

யாருக்கு எது

ஓராண்டு வேலைக்காகப் போகும் தனியாளுக்கு: பெட்டியில் இரண்டு கிலோ மசாலாவும் தேயிலையும், மீதி முழுவதும் உள்ளூர். மூட்டை வாங்கினால் கிளம்பும்போது யாருக்காவது தானம் செய்ய வேண்டியிருக்கும். பெருநகரில் குழந்தைகளோடு நிலையாகத் தங்கும் குடும்பத்துக்கு: வேகமாகச் சரக்கு ஓடும் ஒன்றிரண்டு சமூகக் கடைகள், மூட்டைக்கு இணையம், அன்றாடத்துக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட், பெட்டியைத் துணிக்கே விட்டுவிடலாம். சிறு நகரத்தில் இருப்பவர் பெரிய பிரீசர் ஒன்றை வாங்கிவைத்து, பருவத்துக்கு ஒருமுறை பெருநகருக்குப் போய் நிரப்பிக்கொள்வது இணைய டெலிவரியைவிட மலிவாகவே முடியும். போகும்போது குளிர்ப்பெட்டியும் பனிக்கட்டிப் பையும் மறக்கக் கூடாது.

வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் தனித்துக் காட்ட வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் இருப்பவை ஒன்பது. எள் அதில் சேர்ந்ததே 2023 ஜனவரி 1-இல்தான். கடுகும் செலரியும் ஒன்றியத்தின் பட்டியலில் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் இல்லை. எனவே ஒரு நாட்டு லேபிளில் ஒரு பெயர் தனியே காட்டப்படவில்லை என்பதால் அந்தப் பொருள் உள்ளே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அந்த வீட்டுக்குப் பெட்டியில் வந்ததும் வேண்டாம், ஸ்டிக்கர் இல்லாததும் வேண்டாம், உறவினர் அன்போடு பிரித்துக்கட்டிக் கொடுத்த பொடியும் வேண்டாம். விலை கூடினாலும், இறக்குமதியாளர் முகவரியோடு உள்ளூர் மொழியில் முழு லேபிள் ஒட்டிய பொட்டலத்தை மட்டும் வாங்குங்கள். செய்முறை சொல்லாமல் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் சேர்மானத்தை மறுபடி படித்துவிட்டே கூடையில் போடுங்கள்.